ரெடி சிஸ்டரின் திங்கட்கிழமைக் கையெழுத்து

அத்தைக்கு மருத்துவமனையில் ரெடி சிஸ்டர் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர் அது. டாக்டர் ஊசி என்று வாயெடுப்பதற்குள் "ரெடி டாக்டர்" என்று தட்டை நீட்டிவிடுவாளாம். முப்பத்தொரு வருடத்தில் டாக்டர்கள் மாறினார்கள், கட்டிடம் மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை. அவளுடைய உண்மையான பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் இருக்கும் காவலாளிக்குக்கூடத் தெரியாது.

வீட்டில் அந்தப் பெயரை வைத்துக் கேலி செய்வது மாமாவின் வேலை. மாமா நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு வராத எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, ஒரு வாரம் என்று சொல்லி அவர்கள் வீட்டு மாடி அறையில் ஆறு மாதம் தங்கியபோது, முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "உங்க அத்தை டைம் டேபிள் இல்லாத வண்டிக்கு நாப்பது வருஷமா ஸ்டாப்ல நிக்கிறா. நீயும் பக்கத்துல போய் நின்னுடாதே."

அவர் சொன்ன வண்டி கர்த்தருடைய வருகை. அத்தைக்கு அது கேலி இல்லை. இயேசு திரும்ப வருவார், அது எந்த நாள் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை, ஆகவே எந்த நாளும் அந்த நாளாக இருக்கலாம். இதை அவள் நம்பினாள். நாளைக்கு மழை வரலாம் என்று நம்புகிறவர்கள் துணியை உள்ளே எடுத்து வைப்பதைப்போல நம்பினாள். டூட்டி முடிந்து எவ்வளவு களைப்பாக வந்தாலும் எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் படுக்க மாட்டாள். "அவர் வரும்போது இதுங்களோடயா நிக்கிறது?" என்பாள். மாமா, "வர்றவர் நேரா அடுப்படிக்கா வருவாரு?" என்று கேட்பார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வரும்.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதை அப்பா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். அத்தைக்கு அப்போது பதினான்கு வயது, அப்பாவுக்கு ஆறு. வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர் ஏதேதோ எண்களைக் கூட்டிக் கழித்து வருகைக்கு ஒரு தேதி சொல்லிவிட்டார். சபையில் முக்கால்வாசிப் பேர் நம்பினார்கள். அவர்கள் வீட்டிலும் நம்பினார்கள். பீரோவைக் கொடுத்தார்கள், கட்டிலைக் கொடுத்தார்கள், சமையல் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். வெள்ளை உடுத்திக்கொண்டு மூன்று நாள் சபைக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குப் பசி மட்டும்தான் நினைவிருக்கிறது.

நான்காம் நாள் காலையில் அவர்களுடைய அம்மா பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அத்தையும் கூடப் போனாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எந்தச் சபைக்கும் போகாதவள். எல்லாப் பாத்திரங்களையும் தேய்த்து, துடைத்து, அடுக்கி, மேலே ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அடுக்கின் உச்சியில் இருந்த சட்டியில் சூடான சோறு இருந்தது.

"வெள்ளை உடுத்தி உக்காந்திருந்த நாங்க ரெடியா இல்லை. அவ ரெடியா இருந்தா" என்று அத்தை பின்னாளில் சொல்வாள். அந்தத் தேதிக்குப் பிறகு பலர் விசுவாசத்தையே விட்டுவிட்டார்கள். அத்தை விடவில்லை. தேதியை மட்டும் விட்டாள். எஜமான் வரும்போது வேலைக்காரன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை, கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் போதும் என்பதுதான் அவள் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை மாலையில் சபையின் பின்னறையில் பெண்களுக்கு அவள் நடத்தும் வகுப்பில், எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்பாள்.

அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் முக்கியமானது ஒரு தள்ளுவண்டி. பெண்கள் வார்டில், மருந்து அறைக் கதவுக்குப் பக்கத்தில், சிவப்பு நிறத்தில் ஐந்து இழுப்பறைகளோடு நிற்கும். யாருக்காவது திடீரென்று மூச்சு நின்றால், இதயம் நின்றால், ஓடிப்போய் இழுத்து வர வேண்டிய வண்டி. வருடத்தில் மூன்று நான்கு முறைதான் வேலை வரும். மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். சும்மா நிற்கும்போதுதான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழுப்பறைகளைப் பூட்டுவதற்கு எண் போட்ட ஒரு பிளாஸ்டிக் சீல் உண்டு. ஒருமுறை உடைத்தால் உடைத்ததுதான், அடுத்த எண்ணில் புதிது போட வேண்டும். தினமும் டூட்டிக்கு வருகிறவர் அந்த எண்ணைப் பார்த்து, வண்டியில் தொங்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை மட்டும் சீலை உடைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் ஸ்கோப் என்று ஒன்று இருக்கும். மூச்சுக்குழாய் போடும்போது தொண்டைக்குள் வெளிச்சம் காட்டுகிற கருவி. கைப்பிடிக்குள் பேட்டரி, நுனியில் ஒரு சின்ன விளக்கு. மடக்கினால் அணையும், நிமிர்த்தினால் எரியும். அது எரிகிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பார்த்து முடித்ததும் கீழே ஸ்டோருக்குப் போய், சீட்டு எழுதிக் கொடுத்து, ஸ்டோர்க்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளும்வரை நின்று, புது சீல் வாங்கி வர வேண்டும்.

இரண்டு மாடி. பதினைந்து வருடமாகத் திங்கட்கிழமைகளில் அத்தை அந்த இரண்டு மாடியை இறங்கி ஏறியிருக்கிறாள்.

அந்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். வார்டில் படுக்கைக்கு இடையிலும் பாய் போட்டார்கள். ஐந்து நர்ஸ்கள் தாங்களே காய்ச்சலில் விழுந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் இரண்டு டூட்டியைச் சேர்த்துப் பார்த்தார்கள். அத்தை பதினொரு நாள் அப்படிப் பார்த்தாள். கால் வீங்கி ஷூவுக்குள் நுழையவில்லை என்று அதன் பின்பக்கத்தைக் கத்தரியால் வெட்டி, செருப்பைப்போல மாட்டிக்கொண்டு போனாள். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொப்பிக்குக் குத்திய ஊசியைக்கூட எடுக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். நான் கழுவுகிறேன் என்றால், "நீ கழுவினா நான் திரும்பக் கழுவணும்" என்பாள்.

பதினொன்றாம் நாள் ஒரு திங்கட்கிழமை. காலையில் வண்டியின் முன்னால் போய் நின்றாள். சீல் முழுசாக இருந்தது. எண் 4417, நோட்டில் முந்தின நாள் எழுதிய அதே எண். உடைத்தால் இரண்டு மாடி. அந்தப் பக்கம் ஒரு நோயாளி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நாளைக்குத் திறந்து பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். பேனா கையில் இருந்தது. 4417 என்று எழுதினாள். பக்கத்தில், "திறந்து பார்த்தேன். எல்லாம் சரி. விளக்கு எரிகிறது" என்று பதினைந்து வருடமாக எழுதியதையே கை எழுதியது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அத்தைக்கு நாள் முழுவதும் வேறு வார்டு. அன்று ஏழு மாதத்துக்கு முன்பு சேர்ந்த சின்ன சிஸ்டர், காலாவதியான ஒரு மருந்தை மாற்ற வண்டியைத் திறந்தாள். மாற்றினாள், ஸ்டோருக்குப் போய் வந்தாள், 4418 போட்டாள், நோட்டில் எழுதினாள்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குப் பத்தாம் படுக்கைத் தையல்காரம்மாவுக்கு மூச்சு நின்றது. குணமாகிப் போனதும் வார்டுக்கு ஜன்னல் திரை தைத்துத் தருவதாகச் சொல்லி, படுத்தபடியே கண்ணால் ஜன்னலை அளந்துகொண்டிருந்தவள். சின்ன சிஸ்டர் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டர் ஸ்கோப்பை எடுத்து நிமிர்த்தினார். எரியவில்லை. மடக்கி மறுபடி நிமிர்த்தினார். கையில் தட்டினார். எரியவில்லை. அத்தை அந்தப் படுக்கையின் தலைமாட்டில் நின்று ரப்பர் பலூனை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன சிஸ்டர் ஆண்கள் வார்டுக்கு ஓடி, அங்கிருந்து இன்னொன்றை வாங்கி வரும்வரை மூன்று நிமிடம் அழுத்திக்கொண்டேயிருந்தாள். அந்த மூன்று நிமிடமும் தன் கண் நோட்டில்தான் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

தையல்காரம்மா பிழைத்தாள். மறுநாள் கண் திறந்தாள். ஆனால் வலது கை விரல்கள் மடங்கவில்லை. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். அந்த மூன்று நிமிடம்தான் காரணமா என்று கேட்டால் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றார்கள்.

விசாரணை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என்று முடிவானது. ஆனால் வார்டில் புதன்கிழமையே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமை விளக்கு எரிந்திருக்கிறது, ரெடி சிஸ்டரே எழுதியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை திறந்தவள் சின்ன சிஸ்டர். ஸ்கோப்பைச் சரியாக மடக்காமல் வைத்திருப்பாள், உள்ளேயே எரிந்து எரிந்து பேட்டரி தீர்ந்திருக்கும். ஒரு வருடம் முடிந்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். இப்படி ஒரு கரும்புள்ளி விழுந்தால் அதற்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். இந்த வேலைக்காக இரண்டு வருடம் அலைந்தவள் என்று எல்லோருக்கும் தெரியும். பாவம்தான், என்ன செய்ய என்றார்கள்.

புதன்கிழமை மாலையே தலைமை நர்ஸான மேட்ரன் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். அத்தையோடு ஒன்றாகப் படித்தவர். "நீ ஒண்ணும் மனசைப் போட்டு உழப்பிக்காதே. அதான் உன் கையெழுத்து இருக்கே" என்றார். அத்தை சரி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அன்றுதான் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. காலையில் தண்ணீர்த் தொட்டியில் தட்டுகளைப் பார்த்த மாமா, "என்ன, வருகையை ஒத்தி வெச்சாச்சா?" என்று கேட்டார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை வகுப்புக்கு அத்தை போக மாட்டாள் என்று நினைத்தேன். போனாள். கால் வீக்கத்துக்காக அவள் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினான்கு பெண்கள் இருந்தார்கள். அன்றைய பாடம் பல மாதங்களுக்கு முன்பே குறித்து வைத்தது: மாப்பிள்ளையை எதிர்கொள்ள விளக்கோடு காத்திருந்த பத்துப் பெண்கள். அவர்களில் ஐந்து பேரிடம் எண்ணெய் இல்லை, அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அத்தை அதைச் சொல்லிக்கொண்டு வந்து பாதியில் நிறுத்தினாள். புத்தகம் மடியில் இருந்தது. அதைப் பார்க்கவும் இல்லை, மூடவும் இல்லை.

வகுப்புக்கு வந்திருந்த காய்கறிக் கடைக்காரம்மாதான் கேட்டாள். "சிஸ்டர், அவங்க தூங்கிட்டாங்களே, அதுக்குத்தானே தண்டனை?"

"இல்லைங்க" என்றாள் அத்தை. "பத்துப் பேருமேதான் தூங்கினாங்க. தூங்கினதுக்காக யாரையும் வெளியே நிறுத்தலை."

"அப்புறம்?"

"எண்ணெய் இருக்கான்னு பாக்காமலே இருக்குன்னு இருந்துட்டாங்க." புத்தகத்தை மூடி, "இன்னைக்கு இவ்வளவு போதும்" என்று எழுந்துவிட்டாள். ஜெபம் சொல்லி முடிக்கும்படி காய்கறிக் கடைக்காரம்மாவிடமே சொன்னாள். அந்த அம்மாவுக்கு அதில் பெருமையும் பயமும்.

வீட்டுக்கு வந்து மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். மேலே ஏற முடியாமல் இல்லை, அவளுக்கு மாடியில் வேலையே இல்லை. அங்கே உட்கார்ந்துதான் எங்கள் இருவரிடமும் சொன்னாள், திறக்கவில்லை என்று. மாமா கதவில் சாய்ந்து நின்று கேட்டார்.

மாமா நிறையப் பேசினார். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றார். பதினொரு நாள் இரட்டை டூட்டி போட்டவர்கள்மேல்தான் தப்பு என்றார். தானே எத்தனையோ நாள் பிரேக்கைப் பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்திருப்பதாகச் சொன்னார்.

"உங்களுக்கு யாரும் ரெடி டிரைவர்னு பேர் வைக்கலையே" என்றாள் அத்தை.

"அந்தப் பொண்ணே சரியா மடக்காம வெச்சிருக்கலாம் இல்லையா? நீ திறந்திருந்தா எரிஞ்சிருக்கலாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. எரிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுதியிருக்கேன். அந்த எழுத்தை வெச்சுத்தான் அவளை அனுப்பப் போறாங்க."

மாமா கதவை விட்டு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா ஒரே ஒரு ஜெபம்தான் பண்றேன், தெரியுமா? இன்னைக்கு வந்துடாதீங்க ஆண்டவரே, வெள்ளிக்கிழமை தாண்டட்டும்னு. நாப்பது வருஷமா வாங்க வாங்கன்னு கூப்பிட்டவ." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இப்ப அவர் வந்தா நான் எங்க போய் ஒளிஞ்சுக்கிறது?"

வெள்ளிக்கிழமை காலையில் நான் அவளோடு போனேன். மேட்ரன் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். சின்ன சிஸ்டர் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை நடுவில் உட்கார்ந்தாள். சுவரில் கைகழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தையை முதலில் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. மேட்ரன், "உட்காரு, உன்கிட்ட கேக்க ஒண்ணும் இல்லை, ஒரு கையெழுத்துதான்" என்பது கேட்டது.

"நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்றாள் அத்தை. பக்கம் புரளும் சத்தம். "ஞாயிற்றுக்கிழமை என்ன நம்பர்?"

"நாலாயிரத்து நானூத்துப் பதினேழு."

"திங்கட்கிழமை?"

மேட்ரனின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"திறந்திருந்தா புது சீல் போட்டிருக்கணும் இல்லையா? நம்பர் மாறலை பாருங்க. நான் திறக்கலை. விளக்கைப் பாக்கலை. பாத்ததா எழுதிட்டேன்."

மூன்று நாளாக மேட்ரன், டாக்டர், வார்டு இன்சார்ஜ், எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். அத்தையின் கையெழுத்தைப் பார்த்ததும் அதற்கு மேலே இருந்த எண்ணைப் பார்க்கத் தேவையில்லாமல் போயிருக்கிறது.

அத்தை வெளியே வந்தபோது சின்ன சிஸ்டர் எழுந்து நின்றாள். அழுவாள், இல்லை கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண். "நம்பர் மாறலைன்னு புதன்கிழமையே பாத்துட்டேன்."

"ஏன்மா சொல்லலை?"

"உங்களைப் பத்தி நான் சொன்னா யார் நம்புவா? நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் வருவீங்கன்னு நினைச்சேன். நேத்தும் பாத்தேன்." குரலில் கோபம் இல்லை. அவளும் அந்தப் பதினொரு நாளும் இரட்டை டூட்டி பார்த்தவள்தான். "ரொம்ப லேட் பண்ணிட்டீங்க சிஸ்டர்."

"ஆமா" என்றாள் அத்தை. "மன்னிச்சுக்கோம்மா."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள், போனாள்.

அதற்குப் பிறகு நடந்தவை சுருக்கமானவை. சின்ன சிஸ்டருக்கு வேலை நிலைத்தது. அத்தைக்கு எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. வார்டிலிருந்து எடுத்து, கடைசி மூன்று மாதம் வெளி நோயாளிகளுக்குக் கட்டுப் போடும் அறையில் விட்டார்கள். தையல்காரம்மாவைத் தினமும் போய்ப் பார்த்தாள். அவளிடமும் சொன்னாள். அந்த அம்மா ரொம்ப நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாளாம். மறுநாள் அத்தை போனபோது, பிடித்துவிடச் சொல்லிக் கையை நீட்டினாளாம். ரெடி சிஸ்டர் என்று கூப்பிடுவதைச் சிலர் நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமை வகுப்பில் அத்தை பின் வரிசைக்குப் போய்விட்டாள். காய்கறிக் கடைக்காரம்மா நடத்துகிறாள், தப்புத் தப்பாக, உற்சாகமாக.

அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் ஒரு மணிக்கு வீடு திரும்பினோம். வெட்டிய ஷூவை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு அத்தை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சாப்பாடு போட்டுக் கொடுத்தார். பாதி சாப்பிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு எழப் போனவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு, கட்டிலைக் காட்டினார். அத்தை போய்ப் படுத்தாள். வெளியே மழை விட்டிருந்தது, ஜன்னலில் நல்ல வெயில்.

அடுப்படியில் மாமா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நாற்பது வருடத்தில் முதல் முறை என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் எதன்மேலோ இடித்தார்.

"ஏங்க" என்று அத்தை கண்ணை மூடியபடியே கூப்பிட்டாள். "அந்தப் பெரிய சட்டி அடியில பிடிச்சிருக்கும். ஊறப் போடணும்."

"ஊறப் போட்டாச்சு. தூங்கு."

"அப்படியே கிடக்குமே. அவர் வந்துட்டா?"

மாமா ஈரக் கையோடு அடுப்படி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

"வந்தா எழுப்புறேன்" என்றார். "நீ தூங்கும்மா."

அத்தை தூங்கினாள்.